இன்டர்வியூவுக்குக் கோட்டு, ஷூ: நிறம் பார்த்து வாங்குவது எப்படி?

கடையில் பார்த்தபோது அந்தக் கோட்டு கறுப்பு. வீட்டிலிருந்த கறுப்பு பேன்ட்டைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். இன்டர்வியூ அன்று காலை பஸ் ஸ்டாப் வெயிலில் குனிந்து பார்த்தால் மேலே கருநீலம், கீழே கறுப்பு! அன்று முழுக்கக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டே சமாளித்தேன். அந்த அவமானத்தில் கற்றதுதான் கீழே இருப்பது.

படி 1: நிறம்

முதல் சூட் என்றால் நேவி ப்ளூ, அதாவது கருநீலம், இல்லாவிட்டால் சார்கோல் கிரே, அதாவது கரி போன்ற அடர் சாம்பல். கறுப்பு வேண்டாம் என்பேன். பகல் வெளிச்சத்தில் ரிசப்ஷன் மாப்பிள்ளை வழிதவறி வந்தது போல இருக்கும். சட்டை வெள்ளை அல்லது வெளிர் நீலம். இதில் யோசிக்க வேறெதுவும் இல்லை.

படி 2: வாசலுக்கு வாருங்கள்

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். புடவைக் கடையில் அம்மாக்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வருவார்களே, அதையே செய்யுங்கள். வெவ்வேறு சாயம் ஏறிய இரண்டு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும், இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகவும் தெரியும். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. கருநீலமும் கறுப்பும் இதில் ரொம்பவே ஏமாற்றும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு நிமிடம் வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனியாக வாங்கி ஒரே நிறத்துக்கு முயலவே கூடாது. செட்டாக வாங்குங்கள். தைப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். செட் வாங்கப் பணம் இல்லையா? நேவி கோட்டுக்குக் கிரே பேன்ட் போடலாம். வேண்டுமென்றே மாற்றிப் போட்டது என்று பார்த்ததுமே புரியும்.

படி 3: ஷூ

நேவிக்குக் கறுப்பு, அடர் பிரவுன் இரண்டும் சரி. சார்கோலுக்குக் கறுப்புதான் என் தேர்வு. கறுப்பு சூட்டுக்குக் கறுப்பைத் தவிர வேறு கிடையாது. பளிச்சென்ற டான் (வெளிர் பிரவுன்) நிறம் கல்யாணத்துக்கு இருக்கட்டும். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் காசு என்றால் லேஸ் கட்டும் கறுப்புத் தோல் ஷூ.

பாலிஷுக்கு டப்பாவில் வரும் மெழுகுதான் நல்லது. முந்தின இரவே தடவி, காயவிட்டுப் பிரஷ் போடுங்கள். ஸ்பாஞ்சோடு வரும் திரவ பாலிஷ் அவசரத்துக்கு மின்னும். அப்புறம் மடிப்பில் வெடித்து நிற்கும்.

படி 4: பெல்ட், சாக்ஸ்

பெல்ட் ஷூவின் நிறம், சாக்ஸ் பேன்ட்டின் நிறம். உட்கார்ந்து பாருங்கள், கால் தோல் தெரிந்தால் சாக்ஸ் குட்டை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல நூல் இருக்கிறதே, டிசைனா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. கடைக்கு வரும்வரை பிளவு விரியாமல் இருக்கப் போட்ட தையல். சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். கை ஓரத்தில் பிராண்ட் துணி தைத்திருந்தால் அதையும்.

வீடியோ இன்டர்வியூ பற்றி இன்னொருவர் கேட்டார். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலையலையாக மினுங்கும், பிளெயின் போடுங்கள். பேன்ட்டும் போடுங்கள், சார்ஜர் எடுக்க எழுந்து நின்ற ஒரு நண்பன் எனக்கு உண்டு.