கார்த்திகைக் கூட்டத்த கயா டேட்டால தேடிப் புடிக்கிறது எப்படி

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பர்ல அனுப்புன, நட்சத்திரங்களோட இடத்தையும் தூரத்தையும் அளக்குற கயா டெலஸ்கோப்போட மூணாவது டேட்டா ரிலீஸ் 2022 ஜூன்ல வந்துச்சு, சுமார் 180 கோடி நட்சத்திரம், எல்லாமே ஃப்ரீ. அதுக்காக மொத்தத்தையும் லேப்டாப்புல இறக்கப் போயிராதீங்க. நமக்கு நல்லா தெரிஞ்ச ஒரு நட்சத்திரக் கூட்டத்த வச்சு புரோகிராம் எழுதிப் பாருங்க, நான் கார்த்திகைய (Pleiades) எடுத்தேன், கொத்தா தெரியுமே அதான்.

பைதான்ல ஆஸ்ட்ரோகுவரி (astroquery, வானியல் டேட்டாவ இணையத்துலேருந்து எடுக்குற லைப்ரரி) போட்டுக்குங்க. குவரி, அதாவது டேட்டாவ கேக்குற கேள்வி, எழுதுறது கிட்டத்தட்ட டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் (SQL) மாதிரிதான், ஏடிக்யூஎல்னு (ADQL) சொல்லுவாங்க. வானத்துல இடத்த சொல்ற ரெண்டு கோணம் இருக்கு, கார்த்திகைக்கு ரைட் அசென்ஷன் 56.75 டிகிரி, டெக்ளினேஷன் 24.12 டிகிரி, அத சுத்தி 2 டிகிரி வட்டம். டேபிள்ல நூத்துக்கு மேல காலம் (column) இருக்கு, வேணுங்கிறத மட்டும் கேளுங்க.

இங்கதான் நான் மாட்டுனேன். குவரிய சாதாரண லாஞ்ச் ஜாப்ல (launch_job) ஓட்டுனேன், சரியா 2000 வரி வந்துச்சு, எரர் எதுவும் இல்ல, நானும் அதான் முழு டேட்டான்னு நம்பி ரெண்டு நாள் பிளாட் போட்டுட்டு இருந்தேன்! அதுக்கு லிமிட்டே 2000தான். அசிங்க் ஜாப்ல (launch_job_async) ஓட்டுங்க, ரிசல்ட்ட ஃபைலா சேவ் பண்ணிட்டு அதுலயே வேல பாருங்க.

அடுத்து தூரம். பூமி சூரியன சுத்தும்போது நட்சத்திரம் நகர்ற மாதிரி தெரியுற சின்னக் கோணம்தான் பேரலாக்ஸ், கயா அத மில்லி ஆர்க்செகண்ட்ல குடுக்கும். 1000ஐ பேரலாக்ஸால வகுத்தா தூரம் பார்செக்ல (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) வரும், கார்த்திகைக்கு 7.4 பக்கம் வரும், அப்ப 135 பார்செக். ஆனா டேபிள்ல மைனஸ் பேரலாக்ஸ் நெறைய இருக்கும், பயப்படாதீங்க, ரொம்ப தூரத்து நட்சத்திரத்துல அளவுப்பிழை பேரலாக்ஸவிட பெருசா இருந்தா அப்படித்தான் வரும். நம்ம கூட்டம் பக்கத்துல இருக்கறதால பேரலாக்ஸ் அதோட எரர விட 10 மடங்காவது இருக்கறத மட்டும் வச்சுக்கிட்டா போதும், ஆனா பால்வெளி முழுக்க ஆராயறவங்க இப்படி வெட்டுனா ரிசல்ட் ஒரு பக்கமா சாஞ்சிரும், அவங்க பெய்லர்-ஜோன்ஸ்ங்கிற வானியலாளரோட குழு கயா டேட்டாலேருந்து கணக்கிட்டு 2021ல குடுத்த தூரங்கள எடுத்துக்கறது நல்லது.

இப்ப ப்ராப்பர் மோஷன், அதாவது நட்சத்திரம் வானத்துல வருஷத்துக்கு எத்தன மில்லி ஆர்க்செகண்ட் நகருதுங்கிறத, ரைட் அசென்ஷன், டெக்ளினேஷன் ரெண்டு திசையிலயும் எடுத்து பிளாட் பண்ணுங்க. மத்த நட்சத்திரமெல்லாம் பூஜ்யத்த சுத்தி மொய்க்கும், 20, மைனஸ் 45 பக்கத்துல தனியா ஒரு திட்டு தெரியும், கார்த்திகை அதான். அத மட்டும் பிரிச்சு கலர்-மேக்னிட்யூட் பிளாட் (ஒரு பக்கம் நிறம், இன்னொரு பக்கம் உண்மையான பிரகாசம்) போடுங்க: பிரகாசத்துக்கு, கயா அளந்த ஜி மேக்னிட்யூடோட 5 லாக் பேரலாக்ஸ கூட்டி 10ஐ கழிக்கணும், ஜி 10, பேரலாக்ஸ் 7.4னா 4.3 வரணும், வரலைன்னா லாக் பேஸ் 10தானான்னு பாருங்க, பைதானோட நம்பைல (NumPy) சும்மா லாக்னு போட்டா அது வேற. சாய்வா ஒரு கோடு விழும். அதுக்கு முக்கால் மேக்னிட்யூட் மேல மெல்லிசா இன்னொரு கோடு தெரிஞ்சா புரோகிராம்ல தப்புனு நெனச்சு அழிச்சிராதீங்க, ஜோடி நட்சத்திரம் ஒரே புள்ளியா பதிவானது அது.