பழைய மெத்தையைத் தெருவுக்குக் கொண்டுவரும் முன்

சனிக்கிழமைகளில் பழைய சோபா, கட்டில், மெத்தை, துணிமணிகளை வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. 1913-க்கு போன் செய்தோ 'நம்ம சென்னை' செயலி வழியாகவோ பதிந்தால் வண்டி வரும். எங்கள் குடியிருப்பில் யார் என்ன போடுகிறார்கள் என்று பட்டியல் எடுத்து, வண்டி வரும்போது கீழே நிற்கும் வேலை என் தலையில்தான் விழுந்திருக்கிறது. பதியாமலே சாமானை இறக்குவது, கிழமையை மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே வெளியே வைப்பது

"காலையில எவன் சார் தூக்குறது, இப்பவே வெச்சுடலாம்." எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவது இந்த வசனத்தில்தான்.

ஐப்பசி மாதம், வெள்ளி இரவு. மூன்றாம் மாடிக்காரர் பெரிய பஞ்சு மெத்தை ஒன்றை மதிலோரம் சாத்திவிட்டுப் போனார். மழை வரும் என்றேன். "வானம் வெளுத்துதானே இருக்கு" என்றார். இரண்டு மணிக்குக் கொட்டத் தொடங்கியது.

காய்ந்த மெத்தையை இரண்டு பேர் அலுங்காமல் தூக்கிவிடலாம். நனைந்ததை நான்கு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. வண்டியில் வந்த அக்கா ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் ஒழுகியது, தையல் பிரிந்து பஞ்சு கொத்துக்கொத்தாகக் கீழே விழுந்தது. "காய வெச்சு அடுத்த வாரம் போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐப்பசியில் எங்கே காயவைப்பது?

அதன் பிறகுதான் செலவு. தெருவில் ஒரு மெத்தை கிடந்தால் அது குப்பை போடும் இடம் என்று ஊரே முடிவு செய்துவிடும். எங்கிருந்தோ குப்பைப் பைகள் வந்து மேலே ஏறின, நாய்கள் கிழித்தன, பஞ்சு அடித்துக்கொண்டு போய் மழைநீர் வடிகால் வாயில் அடைத்தது. கேட்டுக்கு வெளியே முழங்கால் தண்ணீர். கடைசியில் குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, ஆள்கூலியும் கொடுத்து அப்புறப்படுத்தினோம். சங்கப் பணம். கூட்டத்தில் கேட்டபோது மனிதர் கூசாமல் சொன்னார்: "நான்தான் வெளிய வெச்சுட்டேனே, அப்புறம் எனக்கென்ன?"

மெத்தையை இறுக்கமாகச் சுருட்டி, நைலான் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டி, பிளாஸ்டிக் ஷீட் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வையுங்கள். வண்டி பக்கத்துத் தெருவுக்கு வந்த பிறகு வெளியே எடுத்தால் போதும். மூட்டைப்பூச்சி இருந்தால் ஷீட்டின் ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். தூக்குகிறவர் அதைத் தலையிலும் தோளிலும்தான் சுமக்கிறார். நியூயார்க்கில் மெத்தையை உறைக்குள் போட்டு மூடாமல் வெளியே வைத்தால் 100 டாலர் அபராதம். இங்கேயும் போட்டால் நான் கைதட்டுவேன்.

ஃப்ரிட்ஜில் கைவைப்பது

காயலான்கடைக்காரரைக் கூப்பிட்டு கம்ப்ரசரையும் தாமிரக் குழாயையும் மட்டும் விற்றுவிட்டு, வெறும் கூட்டைத் தெருவுக்குத் தள்ளுவார்கள். குழாயை வெட்டிய நொடியே உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். மிகப் பழைய பெட்டியில் இருப்பது ஓசோனை அரிக்கும் ஆர்-12. புதியவற்றில் ஆர்-600ஏ இருக்கிறது. அது ஐசோபியூட்டேன், சமையல் வாயுவுக்குப் பங்காளி, பொறி பட்டால் பற்றும். ஃப்ரிட்ஜ் 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. முழுசாகவே பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், அல்லது புதிது வாங்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள். எடுக்க ஆள் வரும்வரை கீழே நிற்கும் என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை உள்ளே புகுந்தால் மூச்சு முட்டிவிடும்.

கட்டிலில் ஆணியோடு பலகை

எடுக்கிறவர் காலில் பெரும்பாலும் ரப்பர் செருப்புதான். ஆணியைப் பிடுங்குங்கள், வரவில்லையா, சுத்தியலால் மடக்கி அடியுங்கள். டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடிக்குக் குறுக்கும் நெடுக்கும் டேப், இருபுறமும் அட்டை, மேலே மார்க்கரில் 'கண்ணாடி'.

பீரோ லாக்கர்

திறந்து பாருங்கள். பிறகு வண்டியைத் துரத்தாதீர்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி

கடைக்காரரே காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்.

உடைத்த டைல்ஸ், கிளாசெட்

அது கட்டட இடிபாடு. வேறு வண்டி.

போகிக்கு எரிக்கலாம் என்று வைத்திருப்பது

ஃபோம் மெத்தையும் டயரும் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 போகி போதும். புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் இறங்க முடியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். எங்கள் தெருவில் ஆஸ்துமாக்காரர்கள் அன்று ஜன்னலைத் திறக்கவே இல்லை. மார்கழி பிறந்ததும் ஒரு சனிக்கிழமைக்குப் பதிந்துவிடுங்கள். மழையும் ஓரளவு அடங்கியிருக்கும், போகிக்கு முந்தைய கூட்டமும் இருக்காது.