பின்வரிசையில் நிற்கும் பிள்ளையை உயர்மட்டக் காற்பந்துக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

கோலாலம்பூரில் வார இறுதிக் காலைகளில் காற்பந்துப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் எந்த இடத்தில் ஆட ஆசை என்று கேட்டால், அநேகமாக எல்லாரும் கோல் போடும் இடத்தைத்தான் சொல்வார்கள். பயிற்றுநர் ஒரு பிள்ளையை எதிரணியின் கோலைத் தடுக்கும் பின்வரிசைக்கு மாற்றிவிட்டால், பிள்ளையைவிடப் பெற்றோருக்கே வருத்தம் அதிகம். அந்த வருத்தத்துக்குக் காரணமே இல்லை. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசிய அணியில் சிலாங்கூரின் எம். சந்திரன், பினாங்கின் நாமாட் அப்துல்லா, பின்னாளில் 195 அனைத்துலக ஆட்டங்களை ஆடி முடித்த சோ சின் ஆன் ஆகிய தற்காப்பு ஆட்டக்காரர்களின் பெயர்கள் இன்றும் பேசப்படுகின்றன. தற்காப்பு ஆட்டக்காரரின் தொழில்வாழ்க்கை பெரும்பாலும் தாமதமாகத் தொடங்கி நீண்ட காலம் ஓடக்கூடியது என்பதால், பெற்றோர் அவசரப்படாமல் திட்டமிட வேண்டிய துறை இது.

பன்னிரண்டு வயது வரை பிள்ளை எல்லா இடங்களிலும் ஆடட்டும். லிவர்பூலுக்கு 737 ஆட்டங்கள் ஆடிய ஜேமி காராகர் சிறுவயதில் தாக்குதல் ஆட்டக்காரர். நம் நாட்டு எஸ். குணாளன் ஓரத் தாக்குதலில் ஆடி, பிறகு வலப்புறத் தற்காப்புக்கு வந்தவர். முன்வரிசையில் ஆடிப் பழகிய பிள்ளைக்கு எதிரணித் தாக்குதல் ஆட்டக்காரர் அடுத்து எங்கே ஓடப் பார்ப்பார் என்பது தானாகவே தெரிந்திருக்கும். உயரத்தை வைத்து முன்கூட்டியே முடிவு கட்டவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, அதே ஆண்டு சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருதையும் வென்ற இத்தாலியத் தற்காப்பு ஆட்டக்காரர் ஃபாபியோ கன்னவாரோவின் உயரம் சுமார் 1.76 மீட்டர்தான்.

பயிற்சியில் முதலில் பழக்க வேண்டியது கண்ணை. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது, நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் சில வினாடிகளுக்கு ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, தன் பின்னால் யார் நிற்கிறார், எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார். இதைத் தொலைக்காட்சியில் கற்றுக்கொள்ள முடியாது. கேமரா பந்தின் பின்னாலேயே போவதால், பின்வரிசை பாதி நேரம் திரைக்கு வெளியே இருக்கும். செராஸ் அரங்கிலோ பினாங்கு பண்டாராயா அரங்கிலோ மேல் வரிசையில் டிக்கெட் எடுத்துப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். கீழ் வரிசையில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. முதல் கால் மணி நேரம் பந்தைப் பார்க்காமல் ஒரே ஒரு நடுத் தற்காப்பு ஆட்டக்காரரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எதிரணியினர் பந்தைப் பின்னோக்கித் தட்டும்போது அவர் இரண்டடி முன்னே வருவதையும், பந்து வைத்திருப்பவர் தன்னை யாரும் நெருக்காத நிலையில் தலை நிமிர்ந்தவுடனேயே பின்வரிசை முழுவதும் பின்வாங்கத் தொடங்குவதையும் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எதிரணித் தாக்குதல் ஆட்டக்காரரைப் பின்வரிசைக்குப் பின்னால் விட்டு விதிமீறலில் சிக்கவைக்கும் ஆஃப்சைடு வலையின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு அசைவுகளில் அடங்கிவிடுகிறது.

அடுத்தது நிற்கும் விதம். ஓர் ஓரத் தாக்குதல் ஆட்டக்காரர் பந்தோடு கோட்டருகே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத பிள்ளை நேராகப் பாய்ந்து காலை நீட்டும். பந்து அதன் கால்களுக்கு நடுவே போய்விடும். பழகிய பிள்ளை பந்து பயணத்தில் இருக்கும்போது வேகமாக ஓடிக் கடைசி மூன்று மீட்டரில் அடிகளைச் சிறிதாக்கி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, எடையைப் பாத நுனியில் வைத்து, ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் நிற்கும். உடல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் எதிராளி போவார். அந்தத் திசை வெளிக்கோட்டை நோக்கியதாக இருந்தால் கோடே இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரராக வேலை செய்யும். கண் பந்தின் மேலேயே இருக்க வேண்டும். எதிராளி இடுப்பையும் தோளையும் ஆட்டி ஏமாற்றலாம், ஆனால் பந்தை ஏமாற்று வேலைக்குப் பயன்படுத்த அவர் அதைத் தொட்டே ஆக வேண்டும். அவர் பந்தைச் சற்று நீளமாகத் தட்டிவிடும் அந்தக் கணத்தில்தான் கால் போக வேண்டும். மாலை மழைக்குப் பிறகு நனைந்த புல்லில் இதைப் பழகுவது நல்லது, ஏனென்றால் இங்கே பாதி ஆட்டங்கள் அப்படிப்பட்ட திடலில்தான் நடக்கின்றன. சறுக்கிப் பந்தைப் பறிப்பது கடைசி வழி. அதில் ஆர்வம் காட்டும் பிள்ளைகளைக் கைதட்டி ஊக்குவிக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாகவே இருக்கும்.

பந்தைக் கடத்தும் திறமை இல்லாதவருக்கு இன்று உயர்மட்டக் கிளப்பில் இடமில்லை. 1992இல் வந்த விதி, சக ஆட்டக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக் கூடாது என்றது. 2019இல் வந்த மாற்றம், தன் கோலுக்கு அருகிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் கோல் கிக்கைத் தண்டனைப் பகுதிக்குள்ளேயே சக ஆட்டக்காரர் பெற்றுக்கொள்ளலாம் என்றது. இவை இரண்டும் சேர்ந்து, எதிரணியினர் மூச்சு முட்ட நெருக்கும் இடத்தில் பந்தை வாங்கி அமைதியாக அனுப்பும் பொறுப்பைத் தற்காப்பு ஆட்டக்காரரின் தலையில் வைத்துவிட்டன. ஆகவே பலவீனமான காலாலும் இருபது மீட்டர் தொலைவுக்குத் தரையோடு பந்தை அனுப்பத் தினமும் சுவரில் அடித்துப் பழகுவது, எத்தனை முறை தலையால் முட்டினான் என்று எண்ணுவதைவிடப் பயனுள்ளது. தலையால் முட்டும் பயிற்சியை 2020 முதல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் தொடக்கப்பள்ளி வயதினருக்குத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதின்ம வயதில் எந்த அணியில் சேர்ப்பது என்ற கேள்வி வரும். பள்ளி அணி, பள்ளிகளுக்கிடையிலான எம்.எஸ்.எஸ்.எம். போட்டி, புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பகாங்கின் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி, கிளப்புகளின் இளையோர் அணிகள் எனப் பல வாசல்கள் உண்டு. எந்த வாசலில் நுழைந்தாலும், பிள்ளை எத்தனை நிமிடம் ஆடுகிறான் என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தற்காப்பில் அனுபவம் சேராது. நெதர்லாந்துத் தற்காப்பு ஆட்டக்காரர் விர்ஜில் வான் டைக் இதற்கு நல்ல உதாரணம். இளம் வயதில் பிரேடா நகர உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவிய அவர், வில்லெம் அணியின் இளையோர் பிரிவிலிருந்து க்ரோனிங்கனுக்குப் போய், 2013இல் செல்டிக், 2015இல் சவுத்ஹாம்ப்டன் என்று படிப்படியாக ஏறி, 2018 ஜனவரியில் 26 வயதில்தான் லிவர்பூலை அடைந்தார். மறுபுறம் இத்தாலியின் பாவ்லோ மால்தினி 16 வயதில் ஏ.சி. மிலானுக்கு ஆடத் தொடங்கி, இடப்புறத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து, 902 ஆட்டங்களுக்குப் பிறகு 2009இல் ஓய்வு பெற்றார். மால்தினியை அளவாக வைத்துக்கொண்டு பிள்ளையை எடை போடுவது நியாயமாகாது.

வெளிநாட்டு அகாடமியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் அனைத்துலக மாற்றத்தைச் சில விதிவிலக்குகள் தவிர ஃபிஃபா தடை செய்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் ஃபிஃபா உரிமம் பெற்ற முகவரா என்று பார்ப்பது அதற்கடுத்த வேலை; பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் பிள்ளையை அணுகவே கூடாது.

முதல் ஒப்பந்தம் கைக்கு வரும் நாளில் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையையும் ஃபிஃபா ஏற்பதில்லை. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இந்நாட்டு லீக்கில் சம்பளப் பாக்கி பழைய நோய் என்பதால், இரண்டு மாதச் சம்பளம் முறையின்றி நிலுவையில் இருந்தால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவித்த பிறகு ஆட்டக்காரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்ற விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஆதாரமாகச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு, கிளப்புடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினராவது இத்தகைய நேரத்தில் கைகொடுக்கும். இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிப் பங்கு ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்பதையும் மாதந்தோறும் பார்ப்பது நல்லது.

காயத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். 2020 அக்டோபரில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்த வான் டைக், அந்தப் பருவத்தில் அதன் பிறகு ஆடவில்லை. இளையோருக்கு 20 நிமிடம் பிடிக்கும் ஃபிஃபா 11+ உடற்பயிற்சித் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சிக்கு முன் அதைச் செய்யும் அணியைத் தேர்ந்தெடுங்கள்.

முப்பதைத் தாண்டியபின் வேகம் குறையும். ஆனால் திடல் முழுவதையும் பின்னாலிருந்து பார்த்துப் பழகிய கண் அப்போதும் கூட இருக்கும். அதனால்தான் பயிற்றுநர் உரிமத்தை ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல், ஆடிக்கொண்டிருக்கும்போதே ‘டி’ உரிமத்தில் தொடங்கி ‘சி’, ‘பி’ என்று ஏறிக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம். வகுப்புகள் பெரும்பாலும் மலாயில் நடப்பதால், எஸ்.பி.எம். எனும் பள்ளியிறுதித் தேர்வைக் காற்பந்துக்காகக் கைவிட்ட பிள்ளைகள் அங்கேதான் முதலில் திணறுகிறார்கள்.