எலைட் விளையாடலாம் வாங்க: மொத பயணமும், ஸ்டேஷனுக்குள்ள நுழையுற வித்தையும்

1984-ல டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு எழுதுன விண்வெளி கேம்தான் எலைட். மெமரி மொத்தமே 32 கிலோபைட், ஆனா உள்ள 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 கிரகம். இதெல்லாம் எங்கயும் சேவ் பண்ணி வைக்கல, ஆறே ஆறு பைட் எண்ணை விதையா வச்சு கணக்கு போட்டு அப்பப்ப உண்டாக்கிக்குது, ஒரு பனங்கொட்டையில இருந்து பனங்காடே வர்ற மாதிரி.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பழைய மெஷினை தேடி வாங்காதீங்க. அதோட பவர் சப்ளைல இருக்குற பழைய கெப்பாசிட்டர் ஆன் பண்ணதும் புகையடிக்கிறது ரொம்ப சகஜம், அதுக்கு மேல நம்ம பாம்பன் உப்புக்காத்து வேற, புது ஃபேனே ரெண்டு வருசத்துல துருப்பிடிக்குது. (1984-ல க்ளாஸ்ங்குற பள்ளி கம்ப்யூட்டர் கல்வி திட்டத்துல நம்ம நாட்டு ஸ்கூல்களுக்கு வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான்.) பிபிசி மைக்ரோ மாதிரியே பிரவுசர்ல ஓடுற ஜேஎஸ்பீப் போதும், இல்லன்னா பீப்எம் இன்ஸ்டால் பண்ணிக்கோங்க. கேமை இயன் பெல்லே தன்னோட சைட்ல இலவசமா போட்டிருக்கார், டிஸ்க் வெர்ஷனை எடுங்க.

ஸ்டெப் 1: டிஸ்க்கை லோட் பண்ணி ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே எஃப்12. பழைய கீபோர்ட்ல இருந்த எஃப்0 நம்மகிட்ட இல்ல, அதுக்கு பதிலா எஃப்10.

ஸ்டெப் 2: லேவ் கிரகத்து ஸ்டேஷன்ல 100 கிரெடிட்டோட (கேமுக்குள்ள காசு அதுதான்) நிப்பீங்க. எஃப்1 அமுக்குனா சரக்கு வாங்கலாம். லேவ் விவசாய கிரகம், அதனால உணவு டன் 3.6 கிரெடிட் பக்கம்தான் இருக்கும், கிடைக்கிறத அள்ளுங்க, கப்பல் 20 டன் தாங்கும். பக்கத்துல இருக்குற சயோன்ஸ் தொழிற்சாலை கிரகம், அங்க அதே உணவு கிட்டத்தட்ட 7 போகும். போதைப்பொருள், துப்பாக்கி பக்கம் போகாதீங்க, போலீஸ் துரத்தும்.

ஸ்டெப் 3: இதுதான் முக்கியம், ஆனா எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி உள்ள நுழைய பழகிடுங்க. எஃப்0 (நமக்கு எஃப்10) அமுக்குனா வெளிய வருவீங்க. ஸ்பேஸ் பார் ஸ்பீடு ஏத்தும், கேள்விக்குறி கீ கொறைக்கும், எஸ் கீழ, எக்ஸ் மேல, கமாவும் புள்ளியும் உருள வைக்கும். கொஞ்ச தூரம் நேரா போயிட்டு எக்ஸை அமுக்கியே ஸ்டேஷன் பக்கமா திரும்புங்க. ஸ்டேஷனோட வாசல் எப்பவும் கிரகத்தைப் பாத்துதான் இருக்கும், அதனால இப்ப அது உங்களுக்கு நேரா தெரியும், ஆனா சுத்திக்கிட்டே இருக்கும்.

நான் ரெண்டு நாளா செவுத்துல மோதி மோதி செத்துக்கிட்டு இருந்தேன். விசைப்படகு ஓட்டுற எங்க மாமா பின்னாடி நின்னு பாத்துட்டு, "மாப்ள, சுக்கானை ஏண்டா இப்புடி ஒடிக்கிற, தூக்குப்பாலத்துக்குள்ள நொழையும்போது தூரத்துலயே நேர் புடிச்சிருவோம்ல, பக்கத்துல வந்து திருப்புனா நீவாடு (நீரோட்டம்) இழுத்து தூண்ல அடிச்சிரும்"ன்னாரு. அவ்வளவுதான் விஷயம். தூரத்துலயே வாசலை நடு ஸ்கிரீனுக்கு கொண்டு வந்துட்டு, ஸ்பீடை நல்லா கொறைச்சு, கிட்ட போனதும் உருளுற கீயை மட்டும் தட்டித் தட்டி வாசல் படுக்கையா இருக்குற மாதிரி கூடவே சுத்துங்க. விட்டுட்டா கப்பல் சுத்துறது தானா நின்னுடும், அதனால தட்டிக்கிட்டே இருக்கணும். தப்பித்தவறி ஸ்டேஷனை சுட்டுடாதீங்க.

ஆயிரத்து ஐநூறு கிரெடிட் குடுத்தா டாக்கிங் கம்ப்யூட்டர் கிடைக்கும், தானா நுழைஞ்சிடும். என்னைக் கேட்டா மொதல்ல லேசருக்கு செலவு பண்ணுங்க, கையால நுழையுற சுகமே தனி.

ஸ்டெப் 4: நாலஞ்சு தடவை ஒழுங்கா நுழைஞ்சாச்சா? எஃப்5 மேப்ல அம்பு கீயால சயோன்ஸ் மேல குறியை வச்சு, வெளிய வந்து எச் அமுக்குங்க. 15-ல இருந்து எண்ணி தாவிடும். அங்க கிரகம் ரொம்ப தூரத்துல இருக்கும், காம்பஸ்ல புள்ளி பச்சையா இருந்தா அது உங்க முதுகுக்கு பின்னாடி, திரும்புங்க. ஜே அமுக்குனா சட்டுனு தூரம் கொறையும், பக்கத்துல வேற கப்பல் இருந்தா வேலை செய்யாது. ஸ்கிரீனுக்கு அடியில 'எஸ்' எழுத்து தெரிஞ்சா ஸ்டேஷன் கிட்ட வந்தாச்சு, அதைத் தாண்டி கிரகம் பக்கமா போயி திரும்பி, மாமா சொன்ன மாதிரியே நுழைங்க.

ஸ்டெப் 5: எஃப்2-ல விக்கலாம். அப்புறம் மறக்காம எஃப்3 போயி எரிபொருள் நிரப்புங்க, முழு டேங்குக்கே 7 ஒளியாண்டுதான் போகும், நடுக்கடல்ல டீசல் தீந்தா யாராவது கயிறு கட்டி இழுத்துட்டு வருவாங்க, இங்க யாரும் வர மாட்டாங்க. மிச்ச காசுக்கு ஒரு டன் கம்ப்யூட்டர் ஏத்திக்கிட்டு லேவுக்கு திரும்புங்க, அங்க அதுக்கு நல்ல விலை.