தோலின் வயதை நுண்ணோக்கியில் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் தோல் ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்கள், முன்பு நாங்கள் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். லென்ஸைத் துடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கெயின்

நுண்ணோக்கியின் உணரி சிக்னலைப் பெருக்கும் அளவு இது. ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள்.

வெயிலை வயது என்று எண்ணுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். லேசரால் தோலுக்குள் பார்க்கும் இரு ஃபோட்டான் நுண்ணோக்கியில், தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் எஸ்.எச்.ஜி. ஒளியை, அதாவது லேசரின் பாதி அலைநீள ஒளியைத் தரும். மீள்தன்மை தரும் புரதமான எலாஸ்டின் அதைத் தராது, தானாக ஒளிரும். வயது ஏற ஏற முதலாவது குறையும், இரண்டாவது கூடும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு குறியீடு எடுக்கிறோம்.

ஒரு மாணவர் மேலூர்ப் பக்கம் வயல்வேலை பார்க்கும் பெரியவர்களின் முன்கையையும், விடுதிப் பையன்களின் மேற்கை உட்புறத்தையும் ஒப்பிட்டார். குறியீடு சீராக இறங்கியது. இறக்கியது வயதா, வெயிலா? பிரிக்க வழியே இல்லை. மாதக்கணக்கான உழைப்பும், வேலையை விட்டு வந்து கை நீட்டியவர்களின் நேரமும் வீண்.

புற ஊதாக் கதிர் கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தூண்டும். டெர்மிஸின் (உள்தோல்) மேற்பகுதியில் சிதைந்த எலாஸ்டினைக் குவிக்கும். துணி மூடிய தோலில் அந்தக் குவிப்பு பெரிதாக இருக்காது. அங்கே தோல் மெலியும், எபிடெர்மிஸும் (மேல்தோல்) டெர்மிஸும் சேரும் மேடுபள்ளம் தட்டையாகும்.

அதனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு இடங்களையும் எடுங்கள்: முன்கை வெளிப்புறம், மேற்கை உட்புறம். அப்புறம், வயதோடு வேலையையும் விசாரியுங்கள். “வயலுக்கு எத்தனை மணிக்குப் போவீங்கம்மா, சட்டை போட்டுக்குவீங்களா?” சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு நடவு நடுபவரின் முன்கை, அவரது புறங்கையை விட இளமையாகத் தெரியலாம். லாரி ஓட்டுநருக்கு ஜன்னலோரம் இருப்பது வலது கை. இடது கையையும் சேர்த்து எடுத்தால், வயது மாறாமல் வெயில் மட்டும் மாறும் ஒப்பீடு கிடைக்கும். இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

போலரைசேஷன்

லேசர் ஒளியின் அதிர்வு நேர்கோட்டில் இருந்தால் இழையின் திசைக்கேற்ப எஸ்.எச்.ஜி. ஏறி இறங்கும். வட்டமாக்குங்கள்.

ஃபார்மலின்

திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறிய தோல் துண்டு கூடுதலாக ஒளிரும். புதுத் துண்டோடு ஒரே வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

மெலனினை மறப்பது

வெளிர் தோலுக்கு எழுதிய லேசர் பவரை நம் ஊர்த் தோலில் அப்படியே வைக்கக் கூடாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகும், தோல் புண்ணாகலாம். குறைந்த பவரில் தொடங்குங்கள். மேலே மெலனின் ஒளியை விழுங்கிவிட்டால் கீழே கொலாஜன் மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்துக் கொலாஜன் குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.