'கொத்தமல்லி' தேடினால் வரவில்லை, 'மல்லி' வந்தது

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு தமிழ்ச் சொற்பட்டியல். பழைய கோப்பிலிருந்து ஏற்றிய சொற்களில் சில மட்டும் தேடலில் சிக்கவே இல்லை. திரையில் எழுத்து சரியாகத்தான் தெரிந்தது.

முதலில் எழுத்துருவை மாற்றினேன். பிறகு தேடலுக்கான இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டினேன், ட்ரிம் போட்டு வெற்றிடங்களை நீக்கினேன். சொற்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதியான கொலேஷனையும் மாற்றிப் பார்த்தேன். வழக்கமான கொலேஷன்களில் இரண்டு சொற்கள் சமமா என்பதைக் கடைசியில் பைட்டுகள்தான் தீர்மானிக்கின்றன, அதனால் பலனில்லை.

சிக்காத சொற்களை வரிசையாக அடுக்கியபோதுதான் கண்ணில் பட்டது: எல்லாவற்றிலும் கொ, கோ வகை எழுத்து இருந்தது. குறியீடுகளை எண்ணும் லெங்த் போட்டால் தட்டச்சு செய்த 'கொத்தமல்லி'க்கு 10, கோப்பிலிருந்து வந்ததற்கு 11. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

தீர்வு: பேக்கப் எடுத்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனால், சொற்கள் இருக்கும் நெடுவரிசை முழுவதையும் என்.எஃப்.சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகள் ஒரே குறியீடாகச் சேர்ந்த வடிவுக்கு, மாற்றினேன். தேடல் பெட்டியில் வரும் சொல்லையும் அதே வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இதை விட்டால் பாதி வேலைதான். புதிதாகத் தவறான வடிவம் நுழையாமலிருக்க அந்த நெடுவரிசைக்கு, வரும் சொல்லைச் சரிபார்க்கும் ஒரு செக் கட்டுப்பாடும் போட்டேன்.

ஔகாரத்தில் வரும் ஒரு பிழை மட்டும் இதில் அடங்காது. 'பௌர்ணமி'யை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக 'பெளர்ணமி' என்று அடித்திருந்தால் என்.எஃப்.சி தொடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் 'வெளி', 'தெளிவு' கெட்டுவிடும். மௌனம், வௌவால், ஔவை போன்றவற்றைத் தனியே எடுத்துக் கையால் திருத்தினேன்.