டோக்கியோவில் இரவு ஏழு மணிக்கு மேல் கடைக்குப் போங்கள்

டோக்கியோவில் நன்றாகச் சாப்பிட நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும் நேரத்தை மாற்றினாலே போதும். இரவு ஏழு, எட்டு மணிவாக்கில் பல சூப்பர் மார்க்கெட்டுகளில் ஊழியர் ஒருவர் பென்டோ (பெட்டிச் சாப்பாடு), சுஷி, பொரித்த மீன் என்று ஒவ்வொரு பெட்டியாகத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வருவார். முதலில் 20, 30 சதவீதம்; கடை மூடும் நேரம் நெருங்க நெருங்கப் பாதி விலை. தயங்காமல் எடுங்கள், அன்றைக்குச் செய்ததுதான். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தள உணவுக் கூடங்களிலும் இப்படித்தான், ருசி இன்னும் ஒரு படி மேல்.

அப்புறம், சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது: மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) சூப்பிலும் வேகவைத்த காய்கறியிலும்கூடப் பெரும்பாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பருப்பு, மசாலா வாங்க டோக்கியோவின் ஷின்-ஓகுபோ பகுதிக்குப் போங்கள்.